வலி தணிக்கும் மருந்தை மறுக்கலாமா?

புற்றுநோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் இல்லங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சாமி, மார்ஃபின் கொடுக்கச் சொல்கிறார்கள். அது போதை மருந்துதானே?"

வலிச் செய்தி நரம்புகள் வழியாகத் தண்டுவடத்தின் பின்பகுதிக்கு வந்து, அங்கே அடுத்த நரம்பணுவுக்குக் கைமாறிய பிறகே மூளைக்குச் செல்கிறது. அந்தக் கைமாறும் இடத்தில் மார்ஃபின் செயல்படுகிறது. செய்தி கொண்டுவரும் நரம்பு நுனிக்குள் கால்சியம் நுழைவதை அது குறைக்கிறது. வலியை அறிவிக்கும் வேதிப்பொருள்கள் குறைவாகவே வெளிப்படுகின்றன. செய்தியைப் பெறும் நரம்பணுவும் அடங்குகிறது. இதே வேலையைச் செய்யும் எண்டார்ஃபின்களைப் படைத்தவரே நம் உடலில் வைத்திருக்கிறாரே! மருத்துவர் அளவிட்டுத் தரும்போது புற்றுநோயாளர் போதைக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் பெருந்தொல்லை.

கல்வாரியில் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஏற்கவில்லையே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் அது அவர் தமக்காக எடுத்த முடிவு; வலியால் கதறும் தாய்க்காகப் பிள்ளைகள் எடுத்த முடிவன்று. வேறு வழியில்லாதபோது, சாவை நாடாமல், வலி தணிக்கவே தரும் மருந்தால் ஆயுள் சற்றுக் குறையினும் அது தகும் என்று 1957-லேயே திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தெளிவுபடுத்தினார். நினைவு மங்குமுன் ஒப்புரவு பெற வாய்ப்பளித்தால் போதும். எங்களை நள்ளிரவிலும் அழைக்கலாம்.

அபினைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கெடுபிடிக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதில்லை. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அனுமதி பெறுவது எளிதானது. நம் கத்தோலிக்க மருத்துவமனைகளில் எத்தனை அந்த அனுமதியைப் பெற்றுள்ளன?