தோற்றவனின் துயரும் சூதின் போதனையும்

'தோல்வியே வெற்றிக்கு முதற்படி' என்னும் வாய்பாடு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலிருந்து தேர்தல் மேடை வரை ஓயாது ஒலிக்கின்றது. பரீட்சையில் தவறிய மாணவனுக்கும் பந்தயத்திற் பின்தங்கிய ஓட்டக்காரனுக்கும் அது பொருந்தலாம். அவர்களுடைய தோல்விக்குக் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தால் திருத்தம் உண்டு. ஆனால் கடதாசிக் கூட்டத்தின் முன் பணம் வைத்து அமர்ந்தவனுக்கும் அதே வாய்பாட்டை ஓதுவது, ஆற்றில் அடித்துச் செல்லப்படுபவனுக்கு ஆழம் காட்டுவதை ஒக்கும்.

போக்கர் ஆட்டத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் தோற்றபின் எவ்வாறு மனந்தேறுவது என்பது அற்பமான வினாவாகச் சிலருக்குத் தோன்றலாம். கொழும்பின் சூதாட்ட விடுதிகளோடு நின்றிருந்த ஆட்டம் இன்று கைப்பேசியினூடாக எந்தக் கிராமத்துத் திண்ணைக்கும் வந்து சேரும் நிலையில், அது அற்பமன்று. தோற்றவனை அணுகுவோர் இரு சாரார். ஒரு சாரார் அவனைப் பாவி என்று ஒதுக்குகின்றனர். மறு சாரார், அவன் உணர்ச்சிவசப்பட்டமையே குற்றமென்றும், நிதானம் பழகினால் நாளை வெல்வான் என்றும் தேற்றுகின்றனர். முன்னவர் அவனைக் கைவிடுகின்றனர். பின்னவர் அவனை மீண்டும் மேசைக்கு அழைத்துச் செல்கின்றனர். இவ்விரு போதனைகளும் எதிர்க்கப்பட வேண்டியவை. எனினும் பின்னதே கூடிய ஆபத்துடையது.

முதலிற் கணக்கைப் பார்த்தல் தகும். பரவலாக ஆடப்படும் போக்கர் முறையில் இரண்டு ஆஸ் கையில் வருவதே ஆகச் சிறந்த தொடக்கம். எதிரியிடம் இரண்டு இராசா இருப்பின், இருவரும் இறுதிவரை நின்றால், ஆஸ் உடையவன் நூற்றில் ஏறத்தாழ 82 முறை வெல்வான். ஏனைய 18 முறையும் தோற்பான். அந்தப் பதினெட்டில் ஒன்று இன்றிரவு நேர்ந்தால் அவன் செய்த பிழை யாது? எதுவுமில்லை. சரியாக ஆடியவன் தோற்கிறான். தவறாக ஆடியவன் வெல்கிறான். சில நூறு ஆட்டங்களுக்குள் திறமையையும் தற்செயலையும் பிரித்தறிதல் எளிதன்று. எனவே இங்கு தோல்வி ஆசிரியனாகாது, வெற்றியும் ஆகாது. பாடம் இல்லாத இடத்திற் பாடம் தேடும் மனம், விரைவில் மூடநம்பிக்கையைத்தான் கண்டெடுக்கும். 1913 ஓகத்து 18ஆம் நாள் மொன்ரே கார்லோவில் சுழல்வட்டப் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் வீழ்ந்தது. 'இனிச் சிவப்பு வந்தே தீரும்' என்று பெருந்தொகை வைத்தோர் அனைத்தையும் இழந்தனர். பந்துக்கு நினைவில்லை என்பதை அவர்கள் மறந்தனர். சீட்டுக்கும் நேற்றைய நினைவில்லை.

அடுத்து, மனத்தின் இயல்பு. டானியல் கானெமன், ஏமொஸ் டிவேர்ஸ்கி என்னும் உளவியலாளர் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இரு உண்மைகளைத் தெளிவுபடுத்தியது. ஒரே அளவான ஊதியம் தரும் மகிழ்ச்சியிலும் இழப்புத் தரும் துயர் பெரிது. இழப்பின் நடுவே நிற்பவன், நிச்சயமான சிறிய நட்டத்தை ஏற்பதை விடப் பெரிய ஆபத்தைத் தெரிவு செய்யவே விழைகிறான். அதாவது, விட்டதைப் பிடிக்கும் வெறி ஏதோ ஒரு கீழ்மகனின் தனிக்குணமன்று. மனித மனத்தின் பொதுச் சாய்வாகும். தருமன் கீழ்மகனல்லன். நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் இழந்த கதையை யாவரும் அறிவர். ஆனால் அக்கதையின் உட்பொருள் இரண்டாம் ஆட்டத்திலேயே உள்ளது. இழந்த அனைத்தையும் திருதராட்டிரன் திருப்பி அளித்த பின்னரும், மீண்டும் அழைக்கப்பட்டபோது தருமன் மீண்டும் ஆடினான். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் அதனால் வந்தவையே. விட்டது கிடைத்தால் மனம் ஆறிவிடும் என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

இந்த இயல்பை நன்கறிந்தே 'நிதானம்' என்னும் சரக்கு விற்கப்படுகின்றது. ஐவர் ஆளுக்கு ஆயிரம் ரூபா வைத்து ஆடினால் மேசையில் ஐயாயிரம். விடுதியோ நிறுவனமோ ஒவ்வோர் ஆட்டத் தொகையிலும் தன் பங்கை எடுத்துக் கொள்கிறது. ஆகவே ஆட்டம் முடிகையில் ஐவர் கையிலும் ஐயாயிரம் இராது. ஐவரும் முனிவரைப்போல் நிதானம் காத்தாலும் இக்கணக்கு மாறாது. ஒருவன் இலாபம் பெறலாம்; ஐவரும் கூட்டாக நட்டப்பட்டே தீருவர். இந்த நட்டத்தை ஆட்டக்காரனின் குணக்குறையாகக் காட்டுவதே அப்போதனையின் தந்திரம். உருசிய நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கி ஆடியது சுழல்வட்டம். அதிற் கைத்திறனுக்கே இடமில்லை. எனினும் நிதானம் குலையாதவன் வெல்வான் என்ற நம்பிக்கை அவருடைய கடிதங்களிலே காணப்படுகின்றது. 1866இல் 'சூதாடி' நாவலை 26 நாட்களிற் சொல்லி எழுதுவித்த அவ்வறிஞரும், 1871 வரை அச்சூழலிலிருந்து மீளவில்லை. மனித உள்ளத்தை அவரளவு அறிந்தவருக்கே கைகொடாத நிதானம், இருபது வயது இளைஞனுக்கு இரவு இரண்டு மணிக்குக் கைகொடுக்கும் என்பது பேதைமை.

'போக்கர் திறமைக்குரிய ஆட்டமன்றோ?' என்ற வினா எழும். இந்திய உயர் நீதிமன்றுகளில் அவ்வாதம் நீண்டகாலம் நடைபெற்றது. 1968இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றபோதும், ரம்மியையும் போக்கரையும் அத்தடையினின்று விலக்கியது. 2025இல் இந்திய மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. சட்டம் எப்பக்கம் சாய்ந்தாலும், திறமை உண்டென்பது மறுக்கப்பட வேண்டியதன்று. நளனும் இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்ற பின்னரே புட்கரனை வென்றான். ஆயின் அவன் தோற்ற அன்றிரவே வென்றானல்லன். நெடுங்காலம் துயருற்று, புதியதோர் அறிவைப் பெற்று, கலி நீங்கிய பின்னரே வென்றான். பொழுதுபோக்குக்காக ஆடுபவனிடம் அக்காலமும் இல்லை, அக்கல்வியும் இல்லை.

இழப்பைத் தாங்கும் கலை பெரியநீலாவணைக் கரைக்குப் புதியதன்று. வெறும் வலை கரையேறும் நாளில் அந்த வெறுமையைச் சம்மாட்டியும் வலை இழுத்தோரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். வெள்ளம் வயலை அழித்தால் அவ்விழப்பை ஊர் முழுவதும் அறியும். உழவனின் நட்டத்தைப் பொதுப் பொறுப்பாகக் கொண்டே 1973இல் இந்நாட்டிற் கமத்தொழிற் காப்புறுதிச் சபை அமைந்தது. ஊர்ப்பெயரையே புனைபெயராகக் கொண்ட கவிஞர் நீலாவணன் உழவர் வாழ்வை 'வேளாண்மை' எனக் காவியமாக்க முனைந்தார். சூதில் இழந்தவனுக்கோ கூட்டாளி இல்லை, காப்புறுதி இல்லை, காவியமும் இல்லை. கடலில் இழந்தவனின் நட்டம் எவனுக்கும் இலாபமன்று. சீட்டில் இழந்தவனின் பணம் எதிரே சிரித்திருக்கும் நண்பனின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆகவேதான் அத்துயரிற் பகையும் வெட்கமும் கலந்துவிடுகின்றன.

இங்கேதான் முதற் சாராரின் தவறு புலப்படும். திருக்குறள் ஓர் அதிகாரம் முழுவதையும் சூதைக் கடியவே ஒதுக்கியது. திருக்குர்ஆன் மைசிர் என்னும் சூதை விலக்கியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கல்முனைக் கரையில் இரு மரபும் இவ்விடயத்தில் ஒருமித்து நிற்பது பெருஞ்செல்வம். அவ்விலக்கு வாசலிலே நிற்கும் காவல். ஆனால் உள்ளே விழுந்தவனை இகழ்வதற்கு அதை ஆயுதமாக்குவோர் அவனை மறைக்கப் பழக்குகின்றனர். மறைத்தவன் கடன் கேட்கிறான். கடன்பட்டவன் அதனை அடைக்க மீண்டும் ஆடுகிறான். தமிழ்நாட்டில் அச்சட்டம் பிறந்ததற்கு இணைய ஆட்டத்தில் இழந்தோரின் தற்கொலைகளே உடனடிக் காரணமாயின என்பதை அறம் பேசுவோர் மறத்தல் ஆகாது.

ஆகவே தோற்றவனுக்குக் கூறவேண்டியவை சிலவே. இழந்த பணம் செலவான பணம்; அது எங்கும் காத்திருக்கவில்லை. ஆடத்தான் வேண்டுமெனின், தொலைந்தாலும் வீட்டு அடுப்பை அணைக்காத தொகையை அமருமுன் வரையறுக்க வேண்டும். கடன்பட்டு ஆடலாகாது. தோற்ற இரவில் மறு ஆட்டம் கூடாது. தமிழ்நாடு 2025இல் நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரை பண ஆட்டங்களில் நுழைவதைத் தடுத்து விதி வகுத்ததும், அந்நேரத்து மனத்தின் தளர்ச்சியை உணர்ந்தே. எல்லாவற்றிலும் மேலாக, இழந்த தொகையை உண்மையாக ஒருவரிடமேனும் கூறிவிட வேண்டும். இவற்றைக் கடைப்பிடிக்க இயலாதவனுக்கு ஆட்டம் பொழுதுபோக்கன்று. அவன் விட்டு விலகுவதே விவேகம். கேட்பவரின் கடமையும் ஒன்றுண்டு: உபதேசத்தைத் தொடங்குமுன் அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருத்தல்.

தோற்றவனின் நெஞ்சில் எழும் வேதனை அடக்கப்பட வேண்டிய பலவீனமன்று. எழுந்து போ என்று அவனுக்குக் கூறும் அறிவின் குரல். அக்குரலை அடக்கப் பழக்குவோர் அவனுடைய நண்பர்களல்லர்.