முதுகு காட்டிய வெள்ளைப் பட்டாளம்

லப்பைக்குடிக்காட்டில் வெள்ளாற்றங்கரையை விட்டு மேற்கே கிளம்பினால், திருச்சி - சென்னை நெடுஞ்சாலை அதிக தூரமில்லை. அந்தச் சாலையோரம்தான் ரஞ்சன்குடி கோட்டை. பஸ் ஜன்னலில் பார்த்து, ‘ஏதோ பழைய கோட்டை’ என்று கடந்துபோகிறவர்களே அதிகம். பக்கத்து ஊரான வாலிகண்டபுரத்தின் பெயரால் சரித்திரத்தில் பதிவான சண்டை நடந்த இடம் அது.

ஆண்டு 1751. ஆற்காடு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதுகிறார்கள். அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, இவருக்கு ஆங்கிலேயர். கேப்டன் ஜின்ஜென் தலைமையில் கம்பெனிப் படை வந்து இறங்கியது. வெள்ளைக்காரர்கள் 500 பேர், ஆப்பிரிக்க வீரர்கள் 100 பேர், நம் ஊர்ச் சிப்பாய்கள் 1,000 பேர், 8 பீரங்கிகள்.

கோட்டைக்காரரோ எந்தப் பக்கம் தராசு சாயும் என்று பார்த்து, இரண்டு தரப்புக்கும் பிடி கொடுக்காமல் நாளைக் கடத்தினார். கெட்டிக்காரர்! பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டையைத் தாக்கினார்கள். கோட்டை மட்டும் வசப்படவில்லை.

அதற்குள் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர்களோடு வந்துவிட்டார். பீரங்கி முழங்கியது. வெள்ளைக்காரப் பட்டாளம் கதிகலங்கி ஓட்டம் பிடித்தது. அதிகாரிகள் குறுக்கே நின்று கத்தியும் பயனில்லை. அப்படிக் கத்தியவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். அப்போது அவருக்கு வயது 25.

முகமது அலியின் தம்பி அப்துல் வஹாப் கான் குதிரையில் வந்து, ‘அங்கே பாருங்கள், அந்த ஆப்பிரிக்கர்கள் நிற்கவில்லையா?’ என்கிற ரீதியில் முகத்துக்கு நேரே கேட்டார். இதை எழுதிவைத்தவர் எதிரியல்ல, கம்பெனியின் சரித்திரம் எழுதிய ராபர்ட் ஓர்ம். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது.

சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டுக்குக் கிளம்பினார். கூட வந்த வெள்ளைக்காரர்கள் 200 பேர், சிப்பாய்கள் 300 பேர். கோட்டையைப் பிடித்ததோடு, ஏறக்குறைய 50 நாள் முற்றுகையையும் தாக்குப்பிடித்தார்கள். கிளைவின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

நூறாண்டுக்கு மேல் கழித்து, 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்களுக்குப் போர்க்குணம் போதாது என்று முடிவு கட்டினார். அந்த எண்ணம் வேரூன்றி, மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. ராபர்ட்ஸ், ஓர்ம் எழுதிய புத்தகத்தில் வாலிகண்டபுரம் பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது.