நாற்பது பக்க நோட்டும் நமது நீதிபதிகளும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் வாசகத் தகுதி பற்றிய பிரச்னையை எழுப்பியிருந்தார். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் என்று ஒன்று இருக்க முடியாது, இருப்பதெல்லாம் பிடித்தது, பிடிக்கவில்லை என்ற நாக்கு ருசிதான், இலக்கியத்துக்கு ஒரு முன்தயாரிப்பு வேண்டும் என்பது அவர் வாதம். இதற்கு சாட்சியமாக ஒரு பள்ளி மாணவியின் நோட்டிலிருந்து நாலைந்து வாக்கியங்களை எடுத்துப் போட்டுச் சிரித்துமிருந்தார். அந்த நோட்டு என் அக்கா மகளுடையது. அவரிடம் காட்டியவன் நான்தான். அவளைக் கேட்காமல் காட்டினேன். ஆகவே இந்தப் பதிலில் சூடு ஜாஸ்தி என்று தோன்றினால், அதில் பாதி என் மீதே எனக்குள்ள கோபம்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். என் அலமாரியிலிருந்து அவளாக எடுத்துப் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. மார்க் கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அது நம்மில் பலர் எழுதும் கட்டுரைகளைவிட மேலான நிலையில் தொடங்குகிறது என்பேன்.

2022இல் வந்த சினிமாவைப் பார்த்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பொன்னியின் செல்வனை முதலில் முடித்தாள். ஐந்து பாகத்துக்கும் சேர்த்து அரைப் பக்கம். வந்தியத்தேவன் எங்கே போனாலும் அங்கே இரண்டு பேர் ரகசியம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இவனும் சரியாக அந்த நேரத்துக்குப் போய்விடுகிறான் என்று எழுதியிருந்தாள். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிவரை கீழே வைக்க முடியவில்லை என்று அடுத்த வரி. கல்கியைப் பற்றி நம் சிறு பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கண்டனத்தில் முதல் வரி இருக்கிறது, இரண்டாவது வரியை எழுதும் நேர்மை இல்லை. புளியமரத்தின் கதையைப் பற்றி, ஆசான் கதை சொல்லும்வரை நன்றாக இருக்கிறது, பிறகு முனிசிபல் எலெக்‌ஷன் வந்துவிடுகிறது என்று முடித்துவிட்டாள். இது அநியாயம். எலெக்‌ஷனுக்காகத்தான் அந்த நாவலே. அதை அவளிடம் சொன்னேன். 'அப்போ ஆசான் எதுக்கு மாமா?' என்றாள்.

நண்பர் மிகவும் சிரித்தது ஜே.ஜே: சில குறிப்புகள் பற்றிய பகுதிக்கு. ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளன் நிஜமாகவே இருந்தவன் என்று நம்பி, செல்போனில் தேடிப்பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் இரண்டு பக்கத்துக்கு நீள்கிறது. இல்லாத ஒருவரைப் பெரிய ஆள், பெரிய ஆள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவர் அப்படி என்ன எழுதினார் என்று எனக்கு ஏன் முழுசாகக் காட்டவில்லை என்று கேட்கிறாள். அப்பாவித்தனம்தான். ஆனால் 1981இல் அந்த நாவல் வந்ததிலிருந்து அதைப் பற்றி எழுதுகிறவர்கள் சுற்றிச்சுற்றி வரும் இடமும் இதுதானே? மேதைமையை நாவலுக்குள் நிறுவிக் காட்ட வேண்டுமா, பிறர் சொல்லிக் கேட்டால் போதுமா? நாம் அந்த இடத்துக்குத் தத்துவ நூல்களின் துணையோடு போகிறோம். அவள் ஏமாந்த கோபத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

மோகமுள்ளுக்கு வருகிறேன். அதைப் பற்றி நாம் எழுதியதையெல்லாம் அடுக்கினால் மூலத்தைவிடத் தடிமனாக இருக்கும். சங்கீதம், காமம், கும்பகோணம், ரங்கண்ணா, பாபுவின் தாகம், யமுனாவின் அழகு. பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மா நம் கட்டுரைகளில் அரைப் பத்திக்கு மேல் தேறமாட்டாள். பாபுவின் வளர்ச்சியில் அவள் ஒரு கட்டம். நோட்டில் இருப்பது இது: 'தங்கம்மா தற்கொலை செய்துகொண்டதும் பாபு வருத்தப்படுகிறான். அப்புறம் அவன் பாட்டுக்குப் போய்விடுகிறான். புத்தகமும் அவன் பின்னாலேயே போய்விடுகிறது. நான் போகவில்லை.'

'நான் போகவில்லை' என்பதை நண்பர் தடித்த எழுத்தில் போட்டு, இது விமர்சனமா என்று கேட்டிருந்தார். வேறு எது விமர்சனம் என்று நான் கேட்கிறேன். ஒரு பாத்திரத்தை இன்னொரு பாத்திரத்தின் படிப்பினைக்காகச் சாகவிட்டுவிட்டு நாவல் மேலே நடக்கலாமா? ஜானகிராமனுக்கு இதற்குப் பதில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். தங்கம்மாவை அவர் கருணையில்லாமல் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைத் தேடி நாவலுக்குள் நான் திரும்பப் போகும்படி செய்தது நமது ஆய்வுகளில் எதுவுமில்லை, இந்த இரண்டு சொற்கள்.

காரணம் சொல்லாத அபிப்பிராயம் செல்லாது என்கிறார் நண்பர். வவுச்சர் இல்லாமல் பாஸ் செய்யக்கூடாது என்பது என் உத்தியோகத்திலும் உள்ள விதிதான். ஆனால் தமிழில் க.நா.சு. என்ற ஒருவர் வாழ்நாள் முழுக்க, இது நல்ல நாவல், இது இல்லை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். காரணங்களை வாசகனே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1959இல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா, இது போதாது, அலசிக் காட்டவேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நின்றார். செல்லப்பா சொன்னது சரி. ஆனால் அலசுவதற்கு முதலில் ஒரு ருசி வேண்டும், அந்த ருசி சொந்தமானதாக இருக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. க.நா.சு.வின் பட்டியலைப் பயபக்தியோடு மனப்பாடம் செய்தவர்கள் ஒரு சிறுமியிடம் காரணம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது வேடிக்கை.

பி.ஏ.யில் எங்களுக்கு ஜேன் ஆஸ்டின் பாடம். நோட்ஸ் கொடுத்தார்கள், எழுதினோம், பாஸ் செய்தோம். அவள் பதினான்கு வயதில், 1790இல், அந்தக் காலத்துக் கண்ணீர் நாவல்களைப் படித்துவிட்டு, எடுத்ததற்கெல்லாம் மயங்கி விழும் கதாநாயகிகளைக் கேலி செய்து ஒரு சிறு கதை எழுதினாள் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. தலைப்பிலேயே எழுத்துப் பிழை. படித்த நாவல்கள் மீது ஒரு சிறுமிக்கிருந்த அபிப்பிராயம்தான் அது. நம் நண்பர் அப்போது ஹாம்ப்ஷயரில் இருந்திருந்தால் பிழையைத் திருத்தி, முன்தயாரிப்பு போதாது என்று திருப்பியிருப்பார்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு பற்றி அவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள். செகந்திராபாத், சைக்கிள், கிரிக்கெட், ரஜாக்கர்கள் என்று எல்லாவற்றிலும் சந்திரசேகரனோடு கூடவே போயிருக்கிறாள். 1948க்கு வந்து, அவன் சுவரேறிக் குதித்து ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன்னால் போய் நிற்கிற கடைசிக் காட்சி. தன் வீட்டாரைக் காப்பாற்ற ஒரு பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். சந்திரசேகரன் அங்கிருந்து ஓடுகிறான். நோட்டில், 'இவ்வளவு தூரம் நானும் அவனோடு வந்தேன். இப்போது அவன் ஓடிவிட்டான். நான் அந்த வீட்டுக்குள்ளேயே நிற்கிறேன். கதவு திறந்திருக்கிறது. அடுத்து யார் வருவார்கள்?' என்று இருந்தது.

இந்த நாவலைப் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதில் அந்தப் பெண் ஒரு குறியீடு. வரலாற்றின் முன் தனிமனிதப் பிரக்ஞை கொள்ளும் அவமானத்தின் குறியீடு என்று எழுதி, நண்பர்களிடம் பாராட்டும் வாங்கினேன். அவள் எழுதியதைப் படித்தபோது நான் செய்திருக்க வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. செய்தது வேறு. என் கட்டுரையைத் தேடி எடுத்து, 'இதையும் படிச்சுப் பாரு' என்று அவள் கையில் கொடுத்தேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில், திறந்திருந்த அந்தக் கதவு என்னைத் தொந்தரவு செய்தது. அதைச் சாத்த வேண்டியிருந்தது.

அடுத்து அவள் படித்தது கோபல்ல கிராமம். நோட்டில் ஒன்றரைப் பக்கம், அழகான கையெழுத்தில். தொன்மமும் வரலாறும் முயங்குகின்றன, இடப்பெயர்வின் கூட்டு நினைவு, வாய்மொழி மரபின் நீட்சி. ஒரு பிழை இல்லை. நண்பர் மேற்கோள் காட்டாமல் விட்டதும் இந்தப் பகுதி ஒன்றைத்தான், இதில் அவருக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை போலும். அந்த நாவலின் ஆரம்பத்தில் நகைக்காக ஒருத்தியைத் தண்ணீரில் வைத்துக் கொல்கிறான் ஒரு திருடன். தங்கம்மாவைவிட்டு நகர மறுத்தவள், அந்த வீட்டைவிட்டு வெளியே வராதவள், இவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதற்குப் பிறகு நோட்டில் பதினோரு பக்கம் காலி.

முன்தயாரிப்பு என்று நண்பர் கேட்பது இதைத்தான். ஒரே கட்டுரையில் அதை நான் செய்து முடித்துவிட்டேன், அவர் கவலைப்பட வேண்டாம்.

அவள் இப்போது ஊரில் பிளஸ் ஒன் படிக்கிறாள். என்ன படிக்கிறாய் என்று போனில் கேட்டால் கெமிஸ்ட்ரி என்கிறாள். நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவதானால், அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதட்டும். என்னிடம் பிரதி கேட்டு எழுத வேண்டாம். ஊருக்குப் போகும்போது சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாள், திருப்பிக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை.