ராம் விலை: மூன்று கம்பெனிகளின் ராஜ்யம்

மரவள்ளி பயிரிடும் பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிக்கு மார்க்கெட் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றி சேகோ ஆலை வாசலுக்குக் கொண்டுபோனால், மாவுச்சத்து இத்தனை பாயிண்ட், பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை சொல்பவர் ஆலைக்காரர். திருப்பி எடுத்து வந்தால் லாரி வாடகையும் நஷ்டம். விற்பவர் ஆயிரம் பேர், வாங்குபவர் சிலர். இதுதான் அவர் கண்ட மார்க்கெட்.

அந்த விவசாயியின் மகள் கல்லூரிக்குப் போனதும் தலைகீழான இன்னொரு மார்க்கெட்டைப் பார்க்கிறாள். அங்கே வாங்குபவர் கோடிக்கணக்கானவர். விற்பவர் மூன்றே பேர். பழைய லேப்டாப்பில் இன்னொரு ராம் போட்டால் படிப்பு முடியும் வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் 2025 கடைசியில் கடைக்குப் போய்த் திகைத்து நின்றார்கள். சில மாதங்களுக்கு முன் கேட்ட விலை இரண்டு மடங்காகியிருந்தது. சில ரகங்களில் மூன்று மடங்கு. ரிப்பேர் கடைக்காரரைக் கோபித்து என்ன பயன்? அவருக்கும் சரக்கு கிடைக்கவில்லை.

சரக்கு எங்கே போயிற்று? உலகத்தின் ராம் உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கென அமெரிக்க முதலாளிகள் கட்டும் டேட்டா சென்டர்களின் சர்வர்களுக்கு, அடுக்கடுக்காகக் கோத்த விசேஷ ராம் தேவைப்படுகிறது. அதே அளவு சாதாரண ராம் செய்வதைவிட அதற்குச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தகடு பிடிக்கும். லாபமும் அதிகம். 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ கம்பெனி, மாதம் 9 லட்சம் தகடுகள் வரை தன் தேவை போகும் என்று சாம்சங்கோடும் ஹைனிக்ஸோடும் கைகுலுக்கியது. டிசம்பர் 3-ந் தேதி மைக்ரான், பொதுஜனங்களுக்குக் கடைகளில் விற்றுவந்த ‘க்ரூசியல்’ வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. பெரிய வாடிக்கைக்காரர் வந்துவிட்டார், சில்லறைக்காரர் வெளியே போகலாம் என்பதே இதன் அர்த்தம்!

இந்த மைக்ரான் நமக்கு அந்நியமல்ல. குஜராத்தின் சாணந்தில் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலை கட்ட 2023 ஜூனில் ஒப்பந்தம் போட்ட கம்பெனி. மொத்தம் 275 கோடி டாலர். அதில் பாதி மத்திய சர்க்கார் தருவது, ஐந்தில் ஒரு பங்கு குஜராத் சர்க்கார் தருவது. கம்பெனி போடுவது 82.5 கோடி டாலர் வரை. நூற்றுக்கு எழுபது ரூபாய் ஜனங்களின் வரிப்பணம். ஆலையோ கம்பெனியின் சொத்து. இவ்வளவையும் அள்ளிக் கொடுத்த சர்க்கார், எங்கள் மாணவர்களுக்கு நியாய விலையில் இத்தனை சரக்கு தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டதா?

இதெல்லாம் சகஜமான ஏற்ற இறக்கம், தானே இறங்கும் என்று பொருளாதார மேதைகள் ஆறுதல் சொல்கிறார்கள். பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். 1999 முதல் 2002 வரை ராம் கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைத்தன. பின்னர் அமெரிக்க சர்க்காரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் அபராதம் கட்டின. மைக்ரான், விசாரணைக்கு ஒத்துழைத்ததால் தப்பியது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் உற்பத்தி முடங்கியது. விலை ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. முந்தைய வருஷம் 51 கோடி டாலராக இருந்த சீகேட் கம்பெனியின் லாபம், வெள்ள வருஷத்துக் கணக்கில் 286 கோடி டாலர்! ஊர் மூழ்கினாலும் லாபம் மிதக்கிறது.

விலையை ஏற்றுவது ஒன்றுதான் ஏகபோகத்தின் வழி என்று நினைத்துவிடக் கூடாது. இலவசமும் ஒரு வழி. ஒரு காலத்தில் கார்க்காரர்கள் கார்மின், டாம்டாம் போன்ற ஜி.பி.எஸ். கருவிகளை விலை கொடுத்து வாங்கினார்கள். 2009 அக்டோபரில் கூகுள் தன் போனில் வழிகாட்டியை இனாமாகக் கொடுத்தது; அந்தக் கருவி வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு 2018-ல், தன் வரைபடத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் கம்பெனிகளிடம் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. 2024 ஜூலையில் ஓலா சொந்த வரைபடத்துக்கு மாறியதும், அடுத்த மாதமே இந்தியாவில் 70 சதவிகிதம் வரை குறைத்தது. அதற்கு முன் வாங்கியது என்ன விலை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நமக்கு வேறு வழி தெரியாமலா போயிற்று? 1978-ல் ஐ.பி.எம். நாட்டை விட்டுப் போனபோது அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது சி.எம்.சி. என்ற பொதுத்துறை ஸ்தாபனம். ரயில் டிக்கெட்டை கம்ப்யூட்டரில் பதிய வைத்ததும் அதே ஸ்தாபனம்தான். 2001-ல் அதை டாட்டாவுக்கு விற்றார்கள். வானத்தில் நாவிக் செயற்கைக்கோள்களை ஏற்றியதும் பொதுப்பணமும் இஸ்ரோ ஊழியர்களின் உழைப்புமே. வெளிநாட்டிலிருந்து வாங்கிய அணுக் கடிகாரங்கள் பழுதானபோது, உள்நாட்டில் செய்த கடிகாரம் 2023 மே மாதம் என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் ஏறியது. 2025 ஜனவரியில் ஏவிய அடுத்தது, வால்வு திறக்காமல் உரிய பாதைக்குப் போய்ச்சேரவில்லை. தோல்விதான். அதற்காக அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். ஒன்றையே நம்பியிருக்க முடியுமா? 2000 மே வரை சாதாரண ஜனங்களுக்கு வேண்டுமென்றே பிசகான கணக்கைக் கொடுத்துவந்த ஏற்பாடல்லவா அது!

தமிழ்நாட்டில் எல்காட் 1977 முதல் இருக்கிறது. சர்க்கார் மாணவர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்புகளை லட்சக்கணக்கில் கொள்முதல் செய்து பழகிய ஸ்தாபனம். ராமையும் டிஸ்க்கையும் அதுவே மொத்தமாக வாங்கி, கொள்முதல் விலைக்கே மாணவர்களுக்கும் சிறு ரிப்பேர் கடைகளுக்கும் வழங்கட்டும். ரேஷன் கடையில் அரிசி கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு இது முடியாத காரியமல்ல. சாணந்து ஆலைக்குத் தரும் மானியத்தில் இனி ஒரு தவணை போவதற்கு முன், உள்நாட்டு மாணவர்களுக்குரிய பங்கு எவ்வளவு என்று மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் எழுத்து மூலம் சொல்லட்டும்.