பழைய தொலைபேசி: அலங்காரமா, ஆவணமா?

பழம்பொருள் சேகரித்தல் வசதி படைத்தோரின் இரசனைக்குச் சான்றாகக் கொள்ளப்படும் காலம் இது. நாணயம், முத்திரை, மணிக்கூடு என நீளும் வரிசையிற் கறுப்பு நிறச் சுழலெண் தொலைபேசியும் இன்று இடம்பெற்றுள்ளது. பளபளக்க மெருகேற்றப்பட்டு, சில வேளை பொன்வண்ணம் பூசப்பட்டு, வரவேற்பறை மூலையில் அது அமர்த்தப்படுகின்றது. உள்ளுறுப்புகளை அகற்றிவிட்டு மின்விளக்காக மாற்றுவோரும் உளர். இவை யாவும் 'புனரமைப்பு' என்ற ஒரே பெயராற் போற்றப்படுகின்றன. இப்பெயர் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா. பேசுவதற்கென ஆக்கப்பட்ட கருவியை ஊமையாக்கிவிட்டு அதனைக் காப்பாற்றியதாகக் கூறுவது, நூலின் ஏடுகளைக் கிழித்தெறிந்து அட்டையை மட்டும் பேணுவதற்கு ஒப்பாகும்.

தொலைபேசியின் சிறப்பு அதன் புறத்தோற்றத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. சுழலெண் தட்டைத் திருப்பும் விரல் ஒரு வில்லை முறுக்குகின்றது. விரலை எடுத்ததும் தட்டு மீளுகின்றது. மீளும் வேகம் மிகாமலும் குறையாமலும் இருக்கச் சுழலும் சிறு கட்டுப்படுத்தி ஒன்று காவல் செய்கின்றது. அவ்வாறு மீளும்போது மின்சுற்று, சுழற்றிய எண்ணுக்கேற்ப அத்தனை முறை துண்டிக்கப்படுகின்றது. செக்கனுக்குப் பத்துத் துடிப்புகள் என்பது நியமம். பூச்சியத்துக்குப் பத்துத் துடிப்புகள். அல்மன் ஸ்ரௌஜர் என்ற அமெரிக்கர் 1891இற் காப்புரிமை பெற்ற தன்னியக்க இணைப்புமுறையில், நிலையத்திலுள்ள தெரிகருவி அத்துடிப்புகளை எண்ணிப் படிப்படியாக ஏறியது. அவர் பொறியியலாளர் அல்லர். ஈமக்கிரியை ஒழுங்கு செய்யும் தொழிலைச் செய்தவர். பேசுவோனின் குரல் கரித்துணிக்கைகளை நெருக்கியும் நெகிழ்த்தியும் மின்னோட்டத்தை மாற்றுகின்றது. இவற்றை அறியாதவன் தொலைபேசி சேகரிப்பவனல்லன். தொலைபேசியின் ஓட்டைச் சேகரிப்பவன்.

மெருகேற்றலின் கேட்டை இன்னும் தெளிவாகக் காண்பதற்கு அவ்வோட்டையே நோக்குதல் தகும். 1907இல் லியோ பேக்லண்ட் கண்ட பேக்கலைற்று, பீனோலும் போமல்டிகைட்டும் சேர்ந்து உருவாகும் பிசின். மரத்தூள் போன்ற நிரப்பிகளுடன் அச்சில் அழுத்திச் சூடாக்கப்பட்டு ஒருமுறை இறுகினால் அது மீண்டும் உருகாது. அதன் இயல்பான பளபளப்பு, மேற்பரப்பிலுள்ள மெல்லிய பிசின் படலத்துக்குரியது. உப்புத்தாளால் அதனைத் தேய்த்தால் உள்ளிருக்கும் நிரப்பி வெளிப்பட்டு நிறம் மங்கும். இழந்த படலத்தை மீளப் பெற வழியில்லை. அக்குறையை மறைக்கவே வண்ணம் பூசப்படுகின்றது. எனவே, கடைகளில் ஒளிரும் பொருளுட் பல, காப்பாற்றப்பட்டவை அல்ல. காயத்தின்மேற் சாயம் பூசப்பட்டவை. மெல்லிய துணியும் சிறிது சவர்க்கார நீரும் பொறுமையும் போதுமான இடத்தில் அரத்தையும் தூரிகையையும் எடுப்பது அறியாமையின் வேகமேயன்றிக் கலையன்று.

1930களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டு ஓவியர் ஜீன் ஹைபெர்க் வடிவமைத்த எரிக்சன் தொலைபேசியின் சாயலிற் பிரித்தானியத் தபால் திணைக்களம் 1937 அளவில் 300 வரிசைக் கருவிகளை வழங்கத் தொடங்கியது. அத்தகைய கருவிகளில் வகையெண்ணையும் ஆக்கிய ஆண்டையும் பொறித்தல் வழக்கம். தட்டின் நடுவில் இணைப்பெண் எழுதிய சிறு தாள் இருக்கும். துணி பின்னிய வடமும், பழுது பார்த்தவன் இட்ட அடையாளமும் அதன் வாழ்க்கைக் குறிப்புகள். புதுப்பிப்போர் முதலில் எறிவது அத்தாளைத்தான், அடுத்து அவ்வடத்தை. எஞ்சுவது எவ்வூருக்கும் எக்காலத்துக்கும் உரித்தற்ற அழகுப் பொருள். பழைய பாகங்களுடன் புதுப் பித்தளையை இணைத்துச் செய்யப்படும் போலிகளுக்கும் அதற்கும் பின்னர் என்ன வேறுபாடு?

'இது செல்வரின் விளையாட்டு; உழைக்கும் மக்களுக்கு இதனால் ஆவதென்ன?' என்று கேட்போர் உளர். அவர்கள் மாளிகாவத்தைப் பக்கம் பார்வையைத் திருப்புதல் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் புகையிரதப் பாதைகளும் நெருங்கிய அப்பகுதியை அடுத்தே, பழைய வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடறிந்த பஞ்சிகாவத்தை அமைந்துள்ளது. கழிக்கப்பட்ட பொருளைப் பிரித்து, எது உயிருடன் இருக்கின்றது எனக் கண்டு, மீண்டும் இயங்கவைக்கும் அறிவு இத்தகைய சூழலில் வளர்ந்தது. அவ்வறிவுக்குப் பட்டமில்லை; பாடநூலுமில்லை. நுண்ணிய வில்லொன்றின் இறுக்கத்தை விரல் நுனியால் அறியும் தொழிலாளியிடம், 'பளபளப்பாக்கித் தா' என்பதற்கு மேல் எதனையும் சேகரிப்போன் கேட்பதில்லை. வேலை முடிந்தபின் சேகரிப்போனின் பெயர் நிலைக்கின்றது. செய்தவனின் பெயர் மறைகின்றது. தவறு தொழிலாளியினுடையதன்று. எதற்குக் கூலி கொடுக்கப்படுகின்றதோ அதனையே அவன் செய்கின்றான். பேசும் கருவிக்கும் பிசகாத ஆவணத்துக்கும் கூலி கொடுக்கப்படின் அதனையும் அவனாற் செய்ய இயலும்.

வேறு சிலர், 'இது குடியேற்ற ஆட்சியின் எச்சம். இதனைப் பேணுதல் அடிமை மனப்பான்மை' என்பர். இலங்கையில் 1858இற் கொழும்பையும் காலியையும் இணைத்த தந்திக் கம்பி ஆட்சியினதும் வர்த்தகத்தினதும் தேவைக்காக இழுக்கப்பட்டது உண்மையே. எனினும், கருவியின் வரலாறு அதனைக் கொண்டுவந்தவனோடு முடிவதில்லை. சுதந்திரத்தின் பின்னரும் ஓர் இணைப்புக்காகக் குடிமக்கள் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். 1980இற் தொலைத்தொடர்பு தபாலிலிருந்து பிரிக்கப்பட்டதும், 1991இற் கூட்டுத்தாபனமானதும், 1997இல் அதன் பங்குகளில் ஒரு பகுதி யப்பானிய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டதும் பொதுச்சொத்தின் வரலாறே. தெருவில் ஒரு வீட்டிற் தொலைபேசி இருந்தால் அது அயலார் அனைவருக்கும் பொதுவாயிருந்த காலத்தின் உறவுமுறையையும் அக்கருவியே அறியும்.

தமிழருக்கோ அதனில் வேறொரு சுமையும் உண்டு. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு ஆண்டுக்கணக்கில் அற்றிருந்தது. அக்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதி அறைகளிற் தங்கியிருந்தோர், ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ பிள்ளையின் குரல் வரும் என்று தொடர்பு நிலையங்களிற் காத்து நின்றனர். நிமிடக் கணக்கிற் கட்டணம் ஓட, சொல்ல வந்ததை மறந்து அழுதோர் எத்தனைபேர்! அந்த ஒலிவாங்கிகளில் ஒன்றேனும், எந்நிலையத்தில் எவ்வாண்டில் இருந்தது என்ற குறிப்புடன் பேணப்படுமாயின் அது வரவேற்பறை அலங்காரங்கள் நூற்றினும் மேலானது. அத்தகைய குறிப்பின்றேல் அதுவும் நிறைக்கு விற்கப்படும் வெறும் பிளாஸ்ரிக்கே.

காலமும் காத்திருக்கவில்லை. செப்புக் கம்பிகளின் இடத்தை ஒளியிழைகள் கைப்பற்றி வருகின்றன. நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது உவோற்று நேரோட்டம் பெற்று இயங்கிய கருவிக்கு, இனி வீட்டிலுள்ள சிறு பெட்டியே மின்னூட்ட வேண்டும். அப்பெட்டிகளுட் சில பழைய துடிப்பை விளங்கிக்கொள்வதேயில்லை. பிரித்தானியாவின் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 சனவரியுடன் மூடுவதெனத் திட்டமிடப்பட்டது. அமெரிக்கச் சேகரிப்போர் 1971இலேயே சங்கம் அமைத்து அறிவைப் பகிரத் தொடங்கினர். துடிப்பை மாற்றியளிக்கும் இடைக்கருவி ஒன்றைச் செய்வது பொறியியல் மாணவருக்குப் பெருஞ்செயலன்று. மாளிகாவத்தைத் தொழிலாளியின் விரலறிவும் பல்கலைக்கழக மாணவனின் ஏட்டறிவும் ஒரே மேசையிற் சந்திக்குமாயின், ஓர் ஆண்டுள் நூறு கருவிகள் வாய் திறக்கும்.

ஆகவே, கோரிக்கை பெரிதன்று. தேய்க்குமுன் படம் எடுக்கப்படட்டும். எண் தாள் எறியப்படாதிருக்கட்டும். கருவி வந்த வீடும் தெருவும் எழுதப்படட்டும். திருத்தியவரின் பெயர், அவர் இசையின், அடியிற் பொறிக்கப்படட்டும். இவற்றுக்குச் செல்வம் வேண்டியதில்லை, பணிவு போதும். இவற்றைச் செய்ய மனமில்லாதோர் பூச்சாடி வாங்கி வைத்துக்கொள்ளலாம். பூச்சாடி பேசும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை.