100-க்குப் போன் போடுமுன் 100-வது பிரிவைப் படியுங்கள்



மனநிலை பிசகிய ஒருவர் வீட்டில் சாமானை உடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? 100-க்குப் போன் போட்டு, "சார், ரெண்டு தட்டு தட்டுனா அடங்கிருவான்" என்கிறோம். லத்திக்கு முதல் அனுமதி கொடுப்பது நாம்தான்.

தகப்பனும் மகனும் மாண்ட 2020 சாத்தான்குளம், பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்த 2023 அம்பாசமுத்திரம், இரண்டும் நம் பக்கத்து ஊர்கள். தெளிந்த புத்தி உள்ளவர்களுக்கே அந்தக் கதி. "உட்காரு" என்றாலும் விளங்காத நிலையில் இருப்பவனுக்கு?

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்வது இது: நோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீஸின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் அடைக்கக் கூடாது.

காய்ச்சல்காரனை அடித்தால் காய்ச்சல் இறங்குமா?

காக்கி போட்ட என் மாணவர்களே, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜீப்பை அங்கே திருப்புங்கள்.

மற்றவர்கள் 14416-ஐ (டெலி மானஸ்) இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். போலீஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், "அவனுக்கு உடம்புக்கு முடியலை, அடிச்சிராதீங்க" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும்.