வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியே அந்தப் பக்கத்துத் தோட்டம் பளிச்சென்று தெரிகிறது. அதே கண்ணாடியிலிருந்து இரண்டு ஒயர் இறங்கி ஒரு பல்பை எரிய வைக்கிறது. அடுத்த நிமிடமே போன்.

“மாமா, பாத்தீங்களா? ஜன்னல் கண்ணாடியே கரண்ட் எடுக்குது. நம்ம ஹாலுக்கு முன்பக்கம் முழுக்க இதையே போட்டுடலாமா?”

‘நம்ம ஹால்’ என்று அவன் சொல்வது திருக்கோவிலூர் பக்கம் முகையூரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் ஹால். ஏழு வருஷமாக சிங்கப்பூரில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டும் வேலை பார்க்கிறான். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மாவுக்காகக் கட்டும் வீடு. ஊரான் கட்டடத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவனுக்கு, அம்மா வீட்டிலும் ஒன்று மாட்டிப் பார்க்கும் ஆசை வராதா என்ன?

பேஸ்மென்ட் முடிந்து சுவர் எழும்புகிறது. முன்பக்கம் சுவரா, கண்ணாடியா என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று மேஸ்திரி கெடு வைத்திருக்கிறார். அக்காவோ, “எனக்கு ஒண்ணும் தெரியாதுடா தம்பி, நீயே அவன்கிட்ட பேசு” என்று நழுவிவிட்டார். எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

வீடியோ பொய் இல்லை

முதலில் ஒன்று. அந்த வீடியோ ஏமாற்று வேலை இல்லை. சூரிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பகுதிதான். புற ஊதாக் கதிரும், வெப்பமாக நாம் உணரும் அகச்சிவப்புக் கதிரும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, தெரியாததை மட்டும் பிடித்துக் கரண்ட் ஆக்கினால்? கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும், பல்பும் எரியும். 2014-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லன்ட் குழுவினர் இப்படி ஒன்றைச் செய்து காட்டினார்கள். அதில் இருக்கும் மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வாங்கி ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் இருக்கும் மெல்லிய சோலார் பட்டைகள் அதைக் கரண்ட் ஆக்கும்.

இதைவிட எளிய வகைகளும் உண்டு. இரண்டு கண்ணாடிக்கு நடுவே சோலார் செல்களைக் கோலப்புள்ளி மாதிரி இடைவெளி விட்டு வைப்பது ஒன்று. கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் பூசி, நடுநடுவே லேசரால் கோடு கிழித்து வெளிச்சத்துக்கு வழி விடுவது இன்னொன்று. இப்படிக் கண்ணாடி மேல் மெல்லிய படலம் பூசி சாதாரண சோலார் பேனல் செய்யும் பெரிய தொழிற்சாலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை. வருடத்துக்கு 3.3 கிகாவாட் பேனல் செய்யும் திறன் அதற்கு.

ஆனால், எந்த வகையாக இருந்தாலும் ஒரு கணக்கு மாறாது. வீட்டுக்குள்ளே விடும் வெளிச்சமெல்லாம் கரண்ட் ஆகாமல் போகும் வெளிச்சம். எவ்வளவுக்கெவ்வளவு தெளிவான கண்ணாடியோ, அவ்வளவுக்கவ்வளவு கரண்ட் குறைவு.

பேப்பரும் பேனாவும்

அவனோடு போனில் பேசிக்கொண்டே கணக்குப் போட்டோம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சக்தி சுமார் 1,000 வாட். நாலடிக்கு நாலடி ஜன்னல் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். தெளிவான கண்ணாடி அதில் 5 சதவீதத்தைக் கரண்ட் ஆக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 75 வாட்.

நம் ஊரில் மாடியில் ஒரு கிலோவாட் சோலார் போட்டால் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். செங்குத்தாக நிற்கும் ஜன்னலில் விழுவது மாடியில் விழும் வெயிலில் பாதி என்று வைத்தால், ஒரு ஜன்னல் நாளுக்குத் தருவது 0.15 யூனிட். ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடும். அவ்வளவுதான். அதே அளவு சாதாரண பேனலை மாடியில் படுக்க வைத்தால் 1.2 யூனிட். எட்டு மடங்கு!

“சரி மாமா, முன்பக்கம் முழுக்கப் போட்டா?”

பன்னிரண்டு அடிக்கு எட்டடி. போட்டுப் பார்த்தோம். நாளுக்கு 0.9 யூனிட். வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அத்தனை பெரிய கண்ணாடி வழியாக வெயில் இறங்கினால் அக்கா என்ன செய்வார்? ஏசி போட வேண்டும். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். நாள் முழுக்கக் கண்ணாடி சம்பாதித்ததை ஒரே மணி நேரத்தில் ஏசி தின்றுவிடும்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தலைக்கு மேலே சூரியன்

“அப்புறம் ஏன் மாமா வெளிநாட்டுல எல்லாம் போடுறாங்க?” என்றான். நியாயமான கேள்வி.

பெர்லினில் டிசம்பர் மாத உச்சி வேளையில் சூரியன் தொடுவானத்திலிருந்து 14 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வெயில் நேராகச் சுவரிலும் ஜன்னலிலும் வந்து விழும். ஜெர்மனியில் பால்கனிக் கம்பியில் பேனலைத் தொங்கவிட்டு, 800 வாட் வரை வீட்டு பிளக்கிலேயே இணைத்துக்கொள்கிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். முகையூரில் அதே டிசம்பரில் சூரியன் 54 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நடுவில் உள்ள மாதங்களில் அது வடக்கே சாய்ந்துவிடுவதால், அந்த உச்சி வெயில் தெற்கு ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்காது.

இதைப் பார்க்க நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஓர் இடம் உண்டு. ஆரோவில் சோலார் கிச்சன். அதன் மாடியில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம். உள்ளே முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள். அது வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்க, கீழே சமையல் நடக்கும். அந்தக் கிண்ணம் வானத்தைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. வெயில் வரும் பக்கம்தானே பாத்திரத்தை வைக்க வேண்டும்?

நம் பெரியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஜன்னலைச் சின்னதாக வைத்தார்கள். திண்ணைக்கு மேல் கூரையை இறக்கினார்கள். இன்றைய வீட்டில் அந்த வேலையை சன்ஷேட் செய்கிறது. சோலார் கண்ணாடி மாட்ட சன்ஷேடை எடுத்தால் வீடு கொதிக்கும். சன்ஷேடை வைத்தால் கண்ணாடிக்கு வெயில் இல்லை. இரண்டில் ஒன்றுதான்.

“அப்ப அந்தக் கண்ணாடி வேஸ்ட்டா மாமா?”

இல்லைடா. நீ தினமும் தொங்கிக்கொண்டு மாட்டுகிறாயே, அந்தக் கட்டடத்துக்குத்தான் அது. முப்பது மாடிக் கட்டடத்தில் மொட்டைமாடி கைக்குட்டை அளவு, சுவரோ ஏக்கர் கணக்கில். அங்கே கண்ணாடி எப்படியும் மாட்டித்தான் ஆக வேண்டும், ஏசியும் எப்படியும் ஓடும். வெப்பக் கதிரைக் கொஞ்சம் தடுத்து, கொஞ்சம் கரண்டும் தரும் கண்ணாடி என்றால் அவர்களுக்கு இரட்டை லாபம். நவி மும்பையில் ஒரு டேட்டா சென்டர் நான்கு பக்கச் சுவரிலும் சோலார் பேனல் பதித்து 863 கிலோவாட் போட்டிருக்கிறது. நம் ஓ.எம்.ஆர். கட்டடங்களுக்கும் அந்தக் காலம் வரும்.

முகையூர் வீட்டுக்குச் சிக்கல் வேறு. திறந்து மூடும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒயர் போக வேண்டும். தெருப் பையன்களின் கிரிக்கெட் பந்து ஒரு நாள் பட்டே தீரும். அன்றைக்கு விழுப்புரத்தில் எந்தக் கண்ணாடிக் கடையில் போய் இதைக் கேட்பது?

அக்காவின் கவலை

ஆக, மாடியில் சோலார். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் தாராளம். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 வீதம் 60,000 ரூபாய் மானியம். இடம் 200 சதுர அடி போதும். இதை அக்காவிடம் சொன்னதும் அவருக்கு வந்த கவலையே வேறு.

“மாடியில அதை வச்சிட்டா, மல்லாட்டை எங்கடா காயப்போடறது?”

மாடி 900 சதுர அடி, மீதி 700 உங்களுக்குத்தான் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பேட்டரி இல்லாத சோலார், லைன் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இருட்டில் உட்கார்ந்திருந்த அனுபவம் அக்காவுக்கு உண்டு. அந்த மாதிரி நாளுக்கு வேண்டுமென்றால் சின்ன இன்வெர்ட்டர் தனியாக வேண்டும். பேனல் தாங்கும் கம்பிச் சட்டத்தையும் புயலுக்கு அசையாதபடி கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு மூன்றே குறிப்பு. சோலார் இப்போது போடாவிட்டாலும், பூச்சு வேலைக்கு முன்பே மாடியிலிருந்து மீட்டர் போர்டு வரை ஒரு பைப் பதித்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலில் விழாத இடமாகப் பாருங்கள். பெரிய ஜன்னல் வேண்டுமென்றால் வடக்குப் பக்கம் வையுங்கள். வெளிச்சம் வரும், சூடு குறைவு.

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரியிடம் சுவர் என்று சொல்லியாயிற்று. அக்கா மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மத்தியானம் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்.

“சரி மாமா. ஆனா வடக்கு ஜன்னலுக்கு நல்ல கண்ணாடியா போடுங்க. லீவுல வந்து நானே மாட்டுறேன்.”

அந்த ஜன்னலை மட்டும் ஓர் அடி அகலமாக வைக்கச் சொல்லி மேஸ்திரிக்கு மறுபடி போன் செய்தேன்.